காவிரிப் படுகையின் மீன் புதைபடிவங்கள்

காவிரிப் படுகையின் மீன் புதைபடிவங்கள் என்பவை தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் புதுச்சேரியிலும் வெளித்தெரியும் கிரீத்தேசியக் காலக் கடற்படிவுப் பாறைகளில் கிடைக்கும் மீன்களின் தொல்லுயிர் எச்சங்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை பெரிய சுறாக்களின் பற்களும் முள்ளெலும்புகளும் ஆகும். முழு உடலுடன் கூடிய மீன் புதைபடிவங்கள் இங்கு மிக அரியவை. ஆகவே ஒற்றைப் பல்லையோ உடைந்த எலும்பையோ கொண்டு ஒரு பெரிய மீனை இனங்காண வேண்டிய தேவை ஆய்வாளர்களுக்கு ஏற்படுகிறது. எச்சங்களைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்கும் முறையும் இனங்காணும் முறையும் இக்காரணத்தால் முதன்மை பெறுகின்றன.

புவியியற் பின்னணி

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் பெரும்பகுதி நைசு, சார்னோகைட்டு போன்ற மிகப் பழமையான உருமாறிய பாறைகளால் ஆனது. அவிநாசி, திருப்பூர், கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு நாட்டுப் பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இப்பாறைகளில் மீன் எச்சங்கள் கிடைப்பதில்லை. அவிநாசியிலிருந்து ஏறத்தாழ அதே அகலாங்கில் 200 கி.மீ. கிழக்கே சென்றால் அரியலூரை அடையலாம். அங்கு நிலைமை முற்றிலும் வேறானது.

கோண்டுவானாப் பெருங்கண்டம் பிளவுற்றபோது காவிரிப் படுகை உருவானது. கிரீத்தேசியக் காலத்தில் கடல் பலமுறை உள்வாங்கியும் முன்னேறியும் இப்பகுதியில் களிமண், மணற்கல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைப் படியவிட்டது. இப்படிவுகள் கீழிருந்து மேலாகப் பின்வருமாறு பிரிக்கப்படுகின்றன.

* ஊட்டத்தூர்த் தொகுதி – மிகப் பழையது. காரை களிமண் படிவு இதனுள் அடங்கும்.
* திருச்சிராப்பள்ளித் தொகுதி – ஓடுடைய உயிரிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் கொண்டது.
* அரியலூர்த் தொகுதி – கிரீத்தேசியக் காலத்தின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், கல்லமேடு படிவு ஆகியவை இதனுள் அடங்கும்.
* நின்னியூர்ப் படிவு – கிரீத்தேசியக் காலத்திற்கு அடுத்து வந்த பேலியோசீன் காலத்தைச் சேர்ந்தது.

காரை களிமண் மழைநீரால் அரிக்கப்பட்டு ஓடைகளும் மேடுகளும் நிறைந்த வறண்ட நிலமாகக் காணப்படுகிறது. இக்களிமண்ணில் ஜிப்சக் கீற்றுகளும் பாசுபேட்டு முடிச்சுகளும் உள்ளன. பெலம்னைட்டு எனப்படும் கணவாய் இன உயிரியின் எச்சங்கள் தரையில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிய எச்சங்கள் வெளித்தெரிவதும், முன்பு வெளித்தெரிந்தவை அடித்துச் செல்லப்படுவதும் இங்கு வழக்கம்.

ஆய்வு வரலாறு

1840களில் கே, கன்லிஃப் ஆகிய இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாச்சலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் புதுச்சேரிப் படிவுகளின் மீன் எச்சங்களை பிலிப் எகர்ட்டன் 1845ஆம் ஆண்டில் விவரித்தார். முதுகெலும்பற்ற உயிரிகளை எட்வர்டு ஃபோர்ப்சு 1846ஆம் ஆண்டில் விவரித்தார்.

பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எச். எப். பிளான்ஃபோர்டு இப்பகுதியை விரிவாக ஆராய்ந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அப்பிரிவினை இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. பெர்டினாண்டு சுதோலிச்கா 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் தென்னிந்தியக் கிரீத்தேசிய உயிரிகளைப் பற்றிய பெருந்தொகுதிகளை வெளியிட்டார். 1879ஆம் ஆண்டில் ரிச்சர்டு லிடெக்கர், ஊட்டத்தூர்த் தொகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு இக்தியோசாரசு இண்டிகசு என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றிற்குப் பெயரிட்டார்.

நீண்ட இடைவெளிக்குப் பின், சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோசுவாமி, ஜி. வி. ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின் ஆகியோர் காரை படிவின் முதுகெலும்பிகளைப் பற்றிய ஆய்வை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

கண்டறியப்பட்ட மீன்கள்

2011ஆம் ஆண்டு ஆய்வில் இரு புதிய சுறா இனங்கள் பெயரிடப்பட்டன.

* துவார்டியசு சூடிண்டிகசு – கானாங்கெளுத்திச் சுறா வரிசையைச் சேர்ந்தது. இனப்பெயர் தென்னிந்தியாவைக் குறிக்கிறது.
* கிளாடியோசெர்ரேட்டசு மேக்னசு – இன்று ஆழ்கடலில் வாழும் ஆறு, ஏழு செவுள் பிளவுகளைக் கொண்ட சுறாக்களின் உறவினம். 'மேக்னசு' என்பதற்குப் பெரியது என்று பொருள்.

டைக்கோடசு டிகரன்சு என்னும் சுறாவின் பற்களும் காரை படிவில் கிடைத்துள்ளன. இவற்றைப் பற்றிய தனி ஆய்வு 2012இல் வெளியானது. டைக்கோடசுவின் பற்கள் கூர்மையானவை அல்ல. அம்மிக்கல்லைப் போல் தட்டையாகவும் வரிவரியான மேடுகளுடனும் இருக்கும். பல வரிசைகளாக நெருங்கி அமைந்த இப்பற்கள் ஓடுடைய உயிரிகளை நொறுக்கித் தின்பதற்கு ஏற்றவை. நெடுங்காலமாக இப்பேரினம் பற்களைக் கொண்டே அறியப்பட்டு வந்தது. மெக்சிக்கோவின் வல்லெசியோ என்னுமிடத்தில் கிடைத்த முழு உடற்படிவங்கள் 2024இல் விவரிக்கப்பட்ட பின்னரே, இது விரைந்து நீந்தும் சுறா வடிவினது என்பதும் கானாங்கெளுத்திச் சுறா வரிசையைச் சேர்ந்தது என்பதும் தெளிவாயின.

களத்தில் எடுத்தல்

புதைபடிவத்தைக் கண்டவுடன் தோண்டி எடுத்தல் கூடாது. கிடைத்த இடம், படுகை, எச்சம் கிடந்த திசை, அதனுடன் இருந்த பிற எச்சங்கள் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொண்டு, அளவுகோலுடன் ஒளிப்படம் எடுக்க வேண்டும். எந்தப் படுகையிலிருந்து வந்தது என்று தெரியாத பல், அழகான பொருளாக இருக்கலாம். ஆனால் அதன் காலத்தை உறுதி செய்வது மிகக் கடினம்.

பெரிய எலும்புகளை எடுக்கும் முறை பின்வருமாறு:

1. எச்சத்தைச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, அதனை ஒரு பீடத்தின் மேல் இருப்பதுபோல் விடுவர்.
2. பொடியும் பகுதிகளில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்னும் பிசினை மெல்லியதாகச் செலுத்துவர். பின்னாளில் தேவைப்பட்டால் இப்பிசினைக் கரைத்து நீக்கிவிடலாம்.
3. நனைத்த தாளை எச்சத்தின் மேல் ஒட்டுவர். இது சாந்து நேரடியாக எலும்பில் ஒட்டாமல் காக்கும்.
4. பாரிசு சாந்தில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகளை அதன் மேல் சுற்றுவர். எலும்பு முறிந்தால் மருத்துவர் போடும் மாவுக்கட்டும் இதுவும் ஒன்றே.
5. சாந்து இறுகிய பின் பீடத்தை அடியில் அறுத்துப் புரட்டி, மறுபுறத்தையும் இவ்வாறே மூடுவர்.

சிறு பற்களுக்கு வேறு முறை பின்பற்றப்படுகிறது. களிமண்ணை மூட்டைகளில் எடுத்துச் சென்று, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நுண்ணிய சல்லடைகளில் அலசுவர். சல்லடையில் தங்கியதை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பற்களைப் பொறுக்கி எடுப்பர். கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் திரட்டினால் பெரிய சுறாக்கள் மட்டுமே அக்கடலில் வாழ்ந்தன என்ற பிழையான முடிவுக்கு வர நேரும். சல்லடை அப்பிழையைத் திருத்துகிறது.

ஆய்வகத்தில் பிரித்தெடுத்தல்

பாறையின் தன்மையைப் பொறுத்து முறை வேறுபடும்.

* கருவிகளால் நீக்குதல் – காற்றழுத்தத்தால் அதிரும் ஊசி, பல் மருத்துவர் பயன்படுத்தும் கருவிகள், மென்மையான தூரிகை ஆகியவற்றைக் கொண்டு உருப்பெருக்கியின் கீழ் பாறையைச் சிறிது சிறிதாக நீக்குவர். ஒரு பெரிய மீனின் மண்டையோட்டிற்குப் பல மாதங்கள் தேவைப்படலாம்.
* பொடி வீசுதல் – சமையல் சோடா போன்ற மென்மையான பொடியைக் காற்றுடன் கலந்து பீய்ச்சுவர்.
* அமில முறை – எலும்பும் பல்லும் கால்சியம் பாசுபேட்டால் ஆனவை. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட்டு. நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் உள்ள அமிலம்) கார்பனேட்டை விரைந்து கரைக்கும். பாசுபேட்டைப் பெரிதும் விட்டுவிடும். இலண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆரி டூம்சு இம்முறையை 1948இல் விளக்கினார். ஒவ்வொரு முறை அமிலத்தில் இட்ட பின்னரும் நீண்ட நேரம் நீரில் அலசி உலர்த்த வேண்டும். இல்லையெனில் எஞ்சிய உப்புகள் படிகமாகி எலும்பை உடைத்துவிடும்.
* மாற்றல் முறை – டூம்சு, ரிக்சன் ஆகியோர் 1950இல் வெளியிட்டது. மீனின் வெளித்தெரியும் பக்கத்தை ஒளிபுகும் பிசினில் பதித்து, மறுபக்கப் பாறையை அமிலத்தால் கரைப்பர். அதுவரை மறைந்திருந்த பக்கம் முழுமையாக வெளிப்படும்.

காரை படிவின் பாசுபேட்டு முடிச்சுகளுக்கு அமில முறை பொருந்தாது. முடிச்சும் எலும்பும் ஒரே வகை வேதிப்பொருளால் ஆனவை என்பதே காரணம். இவற்றிற்குக் கருவிகளே ஏற்றவை. பாறையை நீக்காமலேயே உள்ளிருக்கும் எலும்பைக் காண எக்சு-கதிர் அடுக்கு வரைவி இப்போது பயன்படுகிறது.

இனங்காணல்

சுறாக்களின் உடற்சட்டகம் குருத்தெலும்பால் ஆனது. அது விரைவில் அழுகிவிடும். ஆனால் ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்து மீண்டும் வளர்க்கிறது. ஆகவே படிவுகளில் பற்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. பல்லில் நோக்கப்படுபவை:

* விளிம்பு மழுமழுப்பாக உள்ளதா, அரம்போல் உள்ளதா என்பது.
* முதன்மைக் கூரின் இருபுறமும் சிறு கூர்கள் உள்ளனவா என்பது.
* வேரின் வடிவமும் அதிலுள்ள துளைகளும்.
* தாடையில் பல் இருந்த இடம். ஒரே சுறாவின் முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் வெவ்வேறு இனங்களுக்குரியவை போலத் தோன்றும்.

முள்ளெலும்பு மட்டும் கிடைத்தால் குழப்பம் மிகுதி. சுறாவின் முள்ளெலும்பும் இக்தியோசரின் முள்ளெலும்பும் இருபுறமும் குழிந்த வட்டத்தட்டு வடிவினவை. ஊட்டத்தூர்த் தொகுதியில் இரண்டுமே கிடைக்கின்றன. இக்தியோசர் முள்ளெலும்பின் பக்கங்களில் விலா எலும்பு பொருந்தும் புடைப்புகளும், மேற்புறத்தில் தண்டுவடம் சென்ற தடமும் காணப்படும். சுறாவின் முள்ளெலும்பில் விலாப் புடைப்புகள் இரா. குறுக்கே வெட்டினால் வளர்ச்சி வளையங்கள் தெரியும்.

எலும்பு மீன்களைச் செதில், தாடை, வால்துடுப்பு ஆகியவற்றைக் கொண்டு இனங்காண்பர். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மகாராட்டிரத்தின் சிரோஞ்சா அருகிலுள்ள கோட்டா படிவாகும். சுராசிக் காலத்தைச் சேர்ந்த இச்சுண்ணாம்புக்கல்லில், பளபளப்பான சாய்சதுரச் செதில்களைக் கொண்ட லெப்பிடோடீசு தெக்கானென்சிசு என்னும் மீன் கிடைத்தது. இதனையும் 1851இல் எகர்ட்டனே விவரித்தார். இதே படிவிலிருந்து இந்தோசீலக்காந்தசு என்னும் சீலகாந்து மீனை எஸ். எல். ஜெயின் 1974இல் விவரித்தார்.

தவறான இனங்காணல்கள்

பெரிய எச்சம் என்றாலே தொன்மா (டைனோசர்) என்று எண்ணுவது பழைய வழக்கமாகும். இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே ஆல்பிரட் லீட்சு திரட்டிய பெரிய தட்டை எலும்புகள், 1887இல் ஒரு தொன்மாவின் முதுகுத் தகடுகள் என்று கருதப்பட்டன. அவற்றை நேரில் கண்ட அமெரிக்க ஆய்வாளர் ஓ. சி. மார்சு, அவை மீனின் எலும்புகள் என்றார். 1889இல் ஆர்தர் சுமித் உட்வர்டு அம்மீனுக்கு லீட்சிக்தீசு எனப் பெயரிட்டார். அறியப்பட்ட எலும்பு மீன்களில் மிகப் பெரியது இதுவே ஆகும். 2013இல் வெளியான மதிப்பீட்டின்படி இது ஏறத்தாழ 16.5 மீ. வரை வளர்ந்திருக்கலாம்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே குளம் ஆழப்படுத்தப்பட்டபோது கிடைத்த பெரிய உருண்டைக் கற்கள் தொன்மா முட்டைகள் என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டு எச்சங்களைச் சுற்றித் திரண்ட கல்லுருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினர்.

கல்லமேடு எலும்புகளின் இழப்பு

எச்சத்தைக் காக்கத் தவறினால் இனங்காணல் என்றென்றைக்கும் தீராத வழக்காகிவிடும் என்பதற்கு அரியலூர் மாவட்டம் கல்லமேடு சான்றாகும். இங்கு கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரசு என்னும் பெயரில் வெளியிட்டனர். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீ. நீளம் என்று குறிப்பிடப்பட்டது. முதலில் இது ஊனுண்ணித் தொன்மா எனக் கருதப்பட்டது. பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி எனப்பட்டது. கல்மரத் துண்டாக இருக்கலாம் என்றும் சிலர் ஐயுற்றனர். ஒப்பிட்டுப் பார்க்க எலும்புகள் இல்லை. அவை பொடிந்து அழிந்துவிட்டதாக 2017இல் தெரிவிக்கப்பட்டது. களத்தில் எடுக்கப்பட்ட பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியிடப்பட்டன. உலகின் மிகப் பெரிய நிலவாழ் விலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய இவ்வுயிரிக்கு இன்று எஞ்சியுள்ளவை வரைபடங்களும் ஒளிப்படங்களும் விவரிப்புகளுமே.

பாதுகாப்பு

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சீமைக்காரை (சிமெண்ட்) தொழிலுக்கு மூலப்பொருளாகும். சுரங்கங்கள் புதிய படுகைகளை வெளிக்கொணர்வதால் ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. ஆயினும் பதிவு செய்யப்படாத எச்சங்கள் கல்லோடு கல்லாக அரைபடுகின்றன. வணிகத்திற்காகவும் நினைவுப்பொருளாகவும் பொறுக்கிச் செல்லப்படுவது மற்றோர் இழப்பாகும்.

பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூர் கல்மரமும், காரை–கொளக்காநத்தம் பகுதியின் அரிநிலமும் தேசியப் புவியியல் சின்னங்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைக்கப்பட்டுள்ளது. புவி மரபிடங்களையும் எச்சங்களையும் காப்பதற்கான சட்ட வரைவு ஒன்றை நடுவண் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது.

எச்சம் ஒன்றைக் காண்பவர் அதனை அசைக்காமல் ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திற்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ தெரிவிப்பது நன்று.

இவற்றையும் பார்க்க

* தொல்லுயிர் எச்சம்
* கிரீத்தேசியக் காலம்
* சாத்தனூர் கல்மரப் பூங்கா
* திருவக்கரை
* சீலகாந்து