துப்பாக்கியின் காது

ஊசிக்குக் காது உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கிக்கும் ஒரு காது உண்டு என்பது என்னைப் போலக் கதை எழுதுகிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. நம்முடைய சரித்திர நாவல்களைப் பாருங்கள். வீரன் குறி பார்க்கிறான், விசையை இழுக்கிறான், எதிரி குதிரையிலிருந்து உருள்கிறான். ஒரே வரியில் காரியம் முடிந்துவிடுகிறது. விசையை இழுப்பதற்கும் குண்டு புறப்படுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. அந்த இடைவெளிக்குள் கை நடுங்கலாம், மான் நகரலாம், ஒரு மழைத்துளி விழுந்து சண்டையின் போக்கே மாறிவிடலாம்.

நான் சொல்லுவது, குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் கெட்டிக்கிற பழைய துப்பாக்கியை. குழலின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில், ஈர்க்குக் கனத்துக்கு ஒரு துளை இருக்கும். பழைய தமிழில் இதற்குப் பற்றுவாய் என்று பெயர். துளைக்கு வெளியே ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்தில் வைக்கும் பொடிமருந்துக்கு ரஞ்சகம் என்பார்கள். நெருப்பு முதலில் ரஞ்சகத்தில் பற்ற வேண்டும். பிறகு துளைவழியே பாய்ந்து உள்ளே இருக்கும் மருந்தைத் தொட வேண்டும். அப்போதுதான் வெடி. வெளியே மட்டும் பற்றி உள்ளே போகாமல் நின்றுவிட்டால் ஒரு ‘புஸ்’, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். சுட வந்தவன் சுடப்படுகிறவனாக ஆவதற்கு அது போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துளை நிறைய மருந்தைத் திணித்துவிட்டால் வெடி சீக்கிரம் கிளம்பும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். உண்மை நேர்மாறானது. திணித்த மருந்து திரிபோலப் படிப்படியாக எரிந்து உள்ளே போக வேண்டும். துளை வெறுமையாக, சுத்தமாக இருந்தால் கிண்ணத்து ஜ்வாலை ஒரே தாவலில் உள்ளே போய்விடும். ஆகவே குறி தவறாமல் சுடுவதற்குக் கண் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தத் துளையின் சுத்தம். தாமதம் அதிகமானால் குழல் அசையும். தாமதம் ஒரு தடவைக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருந்தாலோ எப்பேர்ப்பட்ட கையும் பழக முடியாது.

கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் கசடாகத் தங்கிவிடும். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். மறுபடி மருந்து போடுமுன் அந்த எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும்; துளையில் ஒரு சொட்டு எண்ணெய் நின்றால் அதுவே வெடிக்கு யமன். துளையைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தால் அது நாளாவட்டத்தில் அகன்று போகும்; ஒவ்வொரு வெடியின் சூடும் அதை அரிக்கும். அகன்ற துளைவழியே வேகம் கசிந்து, நேற்று நெஞ்சில் பட்ட குண்டு இன்று காலடியில் விழும். இங்கிலாந்தில் பெரிய துரைமார்கள் வேட்டைத் துப்பாக்கிக்கு இந்தத் துளையில் தங்கமும் பிளாட்டினமும் பதித்து வைத்தார்கள். மூக்குத்தி போடுகிற அழகுக்காக அல்ல, அரிக்காமல் இருப்பதற்காக.

வத்திராயிருப்பை அடுத்த கூமாப்பட்டிக்குப் போனவர்கள் மேற்கே மலை எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது என்று பார்த்திருப்பார்கள். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிகிற இடத்தில் மலை ஆரம்பமாகிறது. இந்த மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே போனால் ஶ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். அப்புறம் சேத்தூர், சிவகிரி என்று பழைய பாளையங்கள். அதற்கும் தெற்கே பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்தது முதல், 1761-ல் யூசுப்கான் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தது வரைக்கும் இந்தப் பூமியில் மருந்து மணம் ஓயவில்லை.

பாளையக்காரர்கள் வாளையும் வேலையும் மட்டும் நம்பித் துப்பாக்கிக்கு எதிரே நின்றார்கள் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அது சரியல்ல. அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் திரித் துப்பாக்கி. வெடியுப்பு நீரில் ஊறவைத்துக் காயப்போட்ட கயிறு ஒன்று எப்போதும் கனன்றுகொண்டிருக்க வேண்டும். விசையை அழுத்தினால் கயிற்றின் கங்கு கிண்ணத்தில் வந்து தொடும். இதற்கு வில் வேண்டாம், எஃகு வேண்டாம். உள்ளூர்க் கொல்லரே செய்யலாம், அவரே பழுதும் பார்க்கலாம். அது பெரிய சௌகரியம். ஆனால் இருட்டில் கங்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். திரி அணைந்தால் ஆயுதம் வெறும் தடி. ஐப்பசி, கார்த்திகையில் மலையிலிருந்து மழை இறங்கும்போது என்ன கதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1801-ஆம் வருஷம் மார்ச் 31-ந் தேதி, ஊமைத்துரை மறுபடியும் கட்டியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மேஜர் மெக்காலே தாக்கித் தோற்றார். அந்தச் சண்டைகளில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி பிற்பாடு தம் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். கோட்டையில் துப்பாக்கிகளும் இருந்தன. ஆனால் மதிலின் உடைப்பில் ஏறி வந்தவர்களைத் தடுத்து நிறுத்தியவை பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள ஈட்டிகள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஒருவன் சுட்டுவிட்டுத் துளையைக் குத்தி, மருந்திட்டு, கெட்டித்து, ரஞ்சகம் வைத்து, திரியை ஊதி நிமிரும் நேரத்தில் ஈட்டிக்காரன் மூன்று பேரைத் தள்ளிவிடுவான். பழமையில் பற்று வைத்து அவர்கள் ஈட்டி பிடிக்கவில்லை. கணக்குப் பார்த்துத்தான் பிடித்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கும்பினிக்காரர்கள் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரையின் வாயில் (விசையோடு சேர்ந்த அந்த இரும்புக் கொக்கியைத் தமிழில் குதிரை என்பார்கள்) ஒரு சிறு கல். அது எஃகுத் தகட்டில் உரசிப் பொறி உதிர்க்கும். திரியின் தொல்லை தீர்ந்தது. ஆனால் கல்லுக்கும் சிசுருஷை வேண்டும். இருபது, முப்பது வெடிக்கு ஒரு முறை முனை மழுங்கும். தட்டிக் கூராக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கல்லை நழுவாமல் தோலிலோ ஈயத் தகட்டிலோ சுற்றிக் குதிரையின் வாயில் இறுக்க வேண்டும். இங்கிலாந்தில் பிராண்டன் என்ற ஊரே இந்தக் கல்லை உடைத்துப் பிழைத்தது. ஆங்கிலேயச் சிப்பாயின் மார்புப் பட்டையில் ஒரு குத்தூசியும் ஒரு சின்னத் தூரிகையும் தொங்கும். ஊசி துளைக்கு, தூரிகை கிண்ணத்துக்கு. பாளையக்காரனுக்கும் கும்பினிக்கும் இருந்த வித்தியாசத்தில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ, இந்த ஊசிக்கும் தூரிகைக்கும், மாற்றுக் கல் தவறாமல் வந்து சேர்ந்த ஒழுங்குக்கும் அவ்வளவு பங்கு உண்டு. 1801 மே 24-ல் கர்னல் அக்னியூ பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தார். அதே வருஷம் டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ், தெற்கத்தியச் சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று பிரகடனம் போட்டார்.

சக்கிமுக்கியின் அகந்தையை அடக்கியவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் பார்சைத் என்ற அவருக்கு வாத்து வேட்டையில் பிரியம். கிண்ணத்தில் மருந்து பளிச்சிட்டவுடன் வாத்து திடுக்கிட்டுப் போக்கை மாற்றிவிடுகிறது. குண்டு வருவதற்குள் அது வேறெங்கோ இருக்கிறது. பாதிரியார் யோசித்தார். தட்டினால் தானே வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கியில் பயன்படுத்த வழி கண்டு 1807-ல் பதிவு செய்துகொண்டார். பின்னால் அந்த மருந்தைச் செம்புத் தொப்பிக்குள் அடைத்தார்கள். அதுதான் நம் ஊரில் ‘கேப்பு’. கிண்ணம் போயிற்று, துளைக்கு மேல் ஒரு குமிழ், குமிழின் தலையில் கேப்பு, அதன்மேல் குதிரை விழும்.

1834-ல் இங்கிலாந்தில் இரண்டையும் ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி 922 தடவை பற்றவில்லை. கேப்பு பற்றாமல் போனது 36 தடவைதான். இலக்கில் பட்டது சக்கிமுக்கியில் 3,680, கேப்பில் 4,047. பற்றவைக்கும் முறை மாறியதுமே இலக்கில் பட்டது 367 கூடிற்று. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அத்தாட்சி இருந்தது, ஆயுதம் வரவில்லை. ஏழு வருஷம் கழித்து, 1841 மே மாதம், சீனத்தில் அபினி யுத்தம். நம் சென்னைப் பட்டாளத்தில் 37-ஆவது ரெஜிமெண்ட் காண்டன் நகரத்துக்கு வெளியே நிற்கிறது. அவர்கள் கையில் அப்போதும் சக்கிமுக்கிதான். 30-ந் தேதி இடியும் மின்னலுமாகப் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒரு கம்பெனி, சுமார் அறுபது பேர், வயல்களுக்கிடையே வழி தவறித் தனியாக மாட்டிக்கொண்டார்கள். ஸான்யுவான்லி என்ற கிராமத்துப் பக்கம் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் நீண்ட கழிகளும் ஈட்டிகளும் கொண்டு சூழ்ந்துகொண்டார்கள். ஸிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நின்று விசையை இழுத்தார்கள். ஒரு துப்பாக்கியும் பேசவில்லை.

தலைப்பாகையின் உட்துணி ஒன்றுதான் அவர்களிடம் நனையாமல் இருந்ததாம். அதைக் கிழித்துக் குழலைத் துடைத்து உலர்த்திச் சில வெடிகள் போட்டார்கள் என்று அந்தச் சண்டையைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் சொல்லுகின்றன. கொட்டுகிற மழையில், எதிரே ஈட்டி முனைகள் மின்ன, தலைத்துணியை அவிழ்த்துத் துப்பாக்கியின் காதைத் துடைத்த அந்த மனுஷனை நினைத்துப் பார்க்கிறேன். அவன் ஆற்காட்டுக்காரனோ, திருச்சிக்காரனோ, தெலுங்கனோ. சண்டை அவனுடையதல்ல, அபினியும் அவனுடையதல்ல. எதிரே நின்ற குடியானவனிடம் இருந்ததோ நாற்பது வருஷத்துக்கு முன் பாஞ்சாலங்குறிச்சி மதிலில் கும்பினியைத் தடுத்த அதே நீள ஈட்டி. இரவில் கடற்படைச் சிப்பாய்களின் இரண்டு கம்பெனிகள் தேடிக்கொண்டு வந்தன. அவர்கள் வெள்ளைக்காரர்கள், அவர்களிடம் கேப்புத் துப்பாக்கி இருந்தது. மழையிலும் அது வெடித்தது. சென்னைக் கம்பெனியில் ஒருவன் இறந்து, பலர் காயப்பட்டிருந்தார்கள். கறுப்பு ஸிப்பாய்க்கு நல்ல ஆயுதம் கடைசியில்தான் வரும் என்பதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

ராணுவங்கள் இந்தத் துப்பாக்கியைக் கைவிட்ட பிறகும் அது மலையடிவாரத்தில் பயிர்க்காவலுக்குத் தங்கிற்று. 1878-ஆம் வருஷச் சட்டம் உரிமம் கேட்டது. 1959-ல் சுதந்திர இந்தியா போட்ட ஆயுதச் சட்டத்திலும் குழல்வாய்த் துப்பாக்கிக்குத் தனியாக ஓர் இடம் உண்டு: நிஜமாகவே பயிரைக் காப்பதற்கானால் உரிமம் தரலாம் என்று.

சில வருஷங்களுக்கு முன் கூமாப்பட்டித் தோப்பு ஒன்றில், எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய தகப்பனார் உரிமத்தோடு கேப்புத் துப்பாக்கி வைத்திருந்தாராம். அவர் காலமானதும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. ஆனால் அதைப் பேணிய வித்தை பிள்ளையின் விரல்களில் அப்படியே இருந்தது. குமிழின் துளைக்கு இரும்புக் கம்பி ஆகாது, தென்னை ஈர்க்குத்தான் என்றார். மருந்து போடுமுன் வெறும் கேப்பு ஒன்றைத் தட்டி, தரையில் கிடக்கும் சருகு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆடினால் துளை திறந்திருக்கிறது.

“ஆடலேன்னா, ஐயா?” என்று கேட்டேன்.

“ஆடலேன்னா மறுபடியும் வெந்நி வைக்க வேண்டியதுதான், தம்பி. காதை அடைச்சுப் போட்டா அது எப்படிப் பேசும்?”

பன்றியை எத்தனை அடித்தார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார். பாதி நாள் வெறும் மருந்து போட்டு ஓசை காட்டுவதோடு சரியாம். “ஓசைக்கும் காது சுத்தமா இருக்கணுமில்லே?”

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-ல் மேலே உள்ள காடு சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயமாயிற்று. 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அங்கே வெடிச் சத்தத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

ஆனால் கேப்பு போய்விடவில்லை. ஶ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே பஸ்ஸில் போகும் தூரத்தில் சிவகாசி. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீக்குச்சித் தொழில் கற்றுவந்து ஆரம்பித்த ஊர் அது. தீக்குச்சியின் தலையில் ஒரு மருந்தும் பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரமுமாகப் பிரித்து வைக்கிறார்கள் அல்லவா? அந்த இரண்டையும் காகிதச் சுருளில் சிறு பொட்டாகச் சேர்த்தால் குழந்தைகளின் பொம்மைத் துப்பாக்கிக்குக் கேப்பு. தீபாவளி வருவதோ ஐப்பசி மழையில். சுருள் ஈரம் பட்டு ‘டொப்’ பென்று அடங்கிப் போகிறது. பையன்கள் மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, சுருளைப் பிரித்துப் பரப்பி, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, எப்போது வெயில் வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.