துருவேறிய டப்பாக்களில் உறங்கிய படம்

பழம்பொருள் சேர்ப்போரை நாம் பெரும்பாலும் நகைப்போடுதான் நோக்குகிறோம். பிறர் எறிந்ததை வாழ்நாளெல்லாம் காத்துக் கிடக்கிறார்களே என்று வியக்கிறோம். அத்தகைய ஒருவரால் ஒரு திரைப்படம் பிழைத்த வரலாற்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

1922-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'பியாண்ட் தி ராக்ஸ்' ஓர் ஊமைப்படம். எலினார் கிளின் எழுதிய புதினத்தைத் தழுவிச் சாம் வுட் இயக்கினார். குடும்ப நலனுக்காகச் செல்வரான முதியவரை மணந்த இளம்பெண், வேறொருவரிடம் மனத்தைப் பறிகொடுத்துத் தவிப்பதே கதை. கதையில் புதுமை குறைவே. குளோரியா ஸ்வான்சனும் ருடால்ஃப் வாலன்டினோவும் இணைந்து நடித்த ஒரே படம் என்பதே அதன் சிறப்பு. வாலன்டினோ 1926-இல் தம் 31-ஆம் வயதில் மறைந்தார். பின்னர்ப் படமும் மறைந்தது.

அதில் வியப்பில்லை. அக்கால நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். நாளடைவில் தானே பிசுபிசுத்துப் பொடியாகும். பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்தை யார் மதித்தார்? அதிலுள்ள வெள்ளிக்காகவே பல சுருள்கள் அழிக்கப்பட்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களுள் மூல வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடே.

2000-இல் நெதர்லாந்தில் சேகரிப்பாளர் ஒருவர் காலமானார். அவர் வைத்திருந்த ஏறத்தாழ 2,000 துருப்பிடித்த டப்பாக்கள் ஆம்ஸ்டர்டாமின் திரைப்பட அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றை ஆராய்ந்து வருகையில், 2003-இல் இப்படத்தின் சுருள் ஒன்று வெளிப்பட்டது. ஏனையவை வெவ்வேறு டப்பாக்களில் சிதறிக் கிடந்தன. செப்பனிடப்பட்ட படம் 2005-இல் மீண்டும் திரையேறியது.

பெருங்காவியங்களைக் காக்கப் பலர் முன்வருவர். இத்தகைய எளிய குடும்பக் கதைகளையோ சேகரிப்பாளரின் பற்றே காக்கிறது. ஒரு காலத்தின் ஆடை, நடை, முகபாவம் யாவும் அவற்றில்தான் இயல்பாகப் பதிந்துள்ளன. அவை எஞ்சியுள்ளது ஒரே ஒரு பிரதி என்னும்போது அந்தப் பற்று வேட்கையாகிறது.

ஆயினும் ஒரு வருத்தம் நம் நெஞ்சில் தங்குகிறது. இப்படம் அழிந்ததாகவே எண்ணி, ஸ்வான்சன் 1983-இல் கண்மூடினார். அன்றும் அது உலகின் ஏதோவொரு மூலையில் இருக்கத்தான் செய்தது. காத்தல் பாதிக் கடமையே; காத்ததைப் பிறர் அறியச் செய்தல் மறுபாதி அன்றோ?

நம் வீட்டுப் பரணிலும் பெயர் எழுதாத பெட்டிகள் உண்டு. உள்ளிருப்பது இன்னதென்று ஒரு சீட்டாவது எழுதி ஒட்டி வைப்போம்.