செம்மறிக் கிடாயும் ஈஸ்ட்ரோஜனும்: ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

முன்னுரை

சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரால் வழங்கும் செம்மறி இனம், சேலம், நாமக்கல் சமவெளிகளிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் இறைச்சிக்காகவும் தரமான தோலுக்காகவும் வளர்க்கப்படுகிறது. விரையை நீக்கினால் கிடாயின் இனப்பெருக்கத் திறன் ஒழியும் என்பது காயடித்தலை அறிந்த ஆட்டுக்காரருக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. அவ்விரை சார்ந்த ஈஸ்ட்ரோஜனின் பங்கை அறிவியல் உணர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘பெண்பால் இயக்குநீர்’ என்னும் பெயரே அப்பங்கை மறைத்து நின்றது என்பது இதன் கருதுகோள்.

பெயரும் தடையும்

1849இல் பெர்தோல்டு, காயடித்த சேவல்களின் உடலில் விரையை மீண்டும் பொருத்தி, அது இரத்தத்தின் வழியே செயல்படுவதைக் காட்டினார். 1929இல் ஈஸ்ட்ரோன் பிரித்தெடுக்கப்பட்டது. அது பெண்ணுக்கே உரியது எனக் கருதப்பட்ட சூழலில், 1934இல் சோண்டெக் பொலிகுதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். மறு ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. ஆண்மைக்கு ஓர் இயக்குநீர், பெண்மைக்கு மற்றொன்று என்னும் பகுப்பு இதனால் வலுப்பெற்றது; பொலிகுதிரை தந்த சான்று ஒரு முரணாகவே எஞ்சியது.

கிடாய் தந்த விளக்கம்

இம்முரணை விளக்கியதில் செம்மறிக்குத் தனியிடம் உண்டு. மூளையிலிருந்து இனப்பெருக்கத்தைத் தூண்டும் கொனடோட்ரோபின் விடுவிப்பு இயக்குநீரைக் கில்லெமின் குழுவினர் செம்மறி மூளைகளிலிருந்தும், ஷாலி குழுவினர் பன்றி மூளைகளிலிருந்தும் பிரித்தெடுத்தனர். இருவரும் 1977இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வியக்குநீர் பிட்யூட்டரியைத் தூண்ட, அது லூட்டினைசிங் இயக்குநீரைச் சுரக்கிறது. அதனால் விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. காயடித்த கிடாயில் லூட்டினைசிங் இயக்குநீர் மிக உயர்கிறது. எனவே விரையிலிருந்து மூளைக்கு ஒரு தடைச்செய்தி செல்வது தெளிவு. அச்செய்தி டெஸ்டோஸ்டிரோன் மட்டுமன்று. அதன் ஒரு பகுதியை அரோமட்டேஸ் நொதி எஸ்ட்ராடையோலாக மாற்றுகிறது. காயடித்த கிடாய்க்குச் சிறிதளவு எஸ்ட்ராடையோல் அளித்தாலே லூட்டினைசிங் இயக்குநீர் தாழ்கிறது. கிடாயின் உடலில் இயல்பாகத் தோன்றும் ஈஸ்ட்ரோஜனே இச்சுரப்பைக் கட்டுப்படுத்துவதை 1984இல் ஷான்பாக்கரின் ஆய்வு வலியுறுத்தியது.

சமவெளிக்குரிய வினா

இவ்வறிவு பெரும்பாலும் பகற்பொழுதின் நீளத்திற்கேற்ப இனப்பெருக்கம் மாறும் குளிர்நாட்டு இனங்களிலிருந்து பெறப்பட்டது. அங்கு நீண்ட பகற்காலத்தில் மேற்கண்ட தடை வலுக்கிறது. சேலத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணிநேர வேறுபாடுகூட இல்லை. எனவே, குளிர்நாட்டு அளவுகோலை மேச்சேரிக் கிடாய்க்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. பொட்டனேரியில் 1978இல் தொடங்கிய மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையமும், 1985இல் தோன்றிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இவ்வினாவை இம்மண்ணிலேயே ஆராய்வதற்குரிய களங்களாகும்.

முடிவுரை

ஈஸ்ட்ரோஜன் ஆணுடலில் தற்செயலாகக் காணப்படும் பொருளன்று. ஆண் இயக்குநீரின் அளவை வரையறுக்கும் கட்டுப்பாட்டின் உறுப்பு. பொலிகிடாயைத் தேர்வதற்கான ஆய்வுகள் டெஸ்டோஸ்டிரோனுடன் எஸ்ட்ராடையோலையும் லூட்டினைசிங் இயக்குநீரையும் ஒருங்கே அளந்தாலன்றிக் கிடாயின் நிலை முழுமையாக விளங்காது. ‘பெண்பால் இயக்குநீர்’ என்னும் சொல்லாட்சியைத் தமிழ் அறிவியல் பாடநூல்கள் மறுபரிசீலனை செய்வதும் தேவை.