மாட்டுவண்டியில் வந்த நூல்நிலையம்



நம் ஊர்களில் நூல்நிலையங்கள் ஆண்டு விழாக் கொண்டாடும் முறை ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது போன்றது. வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டுவர். கூடத்தில் புத்தகக் கண்காட்சி வைப்பர். பள்ளி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடைபெறும். ஆயிரம் ரூபாய் அளித்துப் புரவலராகச் சேர்ந்தவர்க்குத் துண்டு போர்த்துவர். வாசகர் வட்டத்தின் சார்பில் ஒருவர் எழுந்து நன்றி கூறுவார். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம் கொண்டாடப்படும் போதும் இதே காட்சிதான். வெள்ளி விழா, பொன் விழா என்றால் தோரணம் சற்று நீளும், பேச்சும் நீளும். இவற்றை நாம் குறை கூறவில்லை. மணமும் மஞ்சள்நீராட்டும் போல ஒரு நூல்நிலையத்தையும் தம் வீட்டுக் காரியமாக எண்ணி ஊரார் கூடுவது நல்லதே.

ஆயினும் ஓர் ஐயம் நெடுநாளாக எம் மனத்தில் உண்டு. நூல்நிலையத்தின் பிறந்தநாள் என்று எதைக் கொள்வது? கட்டிடம் திறந்த நாளையா, அன்றி முதல் நூல் ஒரு வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளையா? பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளாக அமைவதால் இக்கேள்வி எழுவதில்லை. தஞ்சைத் தரணியில் தோன்றிய ஒரு நூல்நிலையத்திற்கோ தோரணம் கட்ட வாயிலே கிடையாது. அதற்கு இருந்தவை இரண்டு சக்கரமும் இரண்டு மாடுகளுமே.

திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு என்பது நம் பாட்டிமார் வாக்கு. இராசகோபாலசுவாமி கோயிலின் மதிலும், ஹரித்திராநதி என்னும் பெருங்குளமும் அவ்வூரைக் கண்டவர் நெஞ்சை விட்டு அகலா. ஆனால் அம்மதிலினும் பெருமை உடையதாக நாம் கருதுவது, 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் மன்னார்குடி மேலவாசலில் நிகழ்ந்த ஒரு சிறு தொடக்கமாகும். ஓய்வுபெற்ற பொறியாளரான எஸ். வி. கனகசபைப் பிள்ளை அன்று ஒரு மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். பாலமும் மதகும் கட்டப் பழகிய தொழில் மரபில் வந்த ஒருவர், ஓய்வுக்காலத்தில் புத்தகத்துக்கு வழி அமைத்தார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு உவகை மிகுகிறது.

அக்காலத்தை நேயர்கள் சற்று மனத்தில் கொள்ள வேண்டும். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரினும் குறைவு. காவிரிப் பாசனச் சிற்றூரில் உழவும் நடவும் முடித்துக் களைத்து வரும் ஒருவர், நூல் ஒன்றை நாடி மன்னார்குடிக்கு நடந்து வருவாரா? வாரார். வந்தாலும் அவருக்குரிய நூல் இது என்று எடுத்துக் கொடுப்பார் யார்? ஆதலின் நூலே அவரிடம் சென்றது. எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். ஒரு நூல் ஒருவர் பெயரில் இரவல் சென்றாலும், அது எத்தனை செவிகளை எட்டியிருக்கும் என்பதை எந்தப் பேரேடும் காட்டாது.

இவ்வண்டி வெறும் தற்செயலாகப் பிறந்ததன்று. அதற்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. இயக்கத்தின் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்ட அவருக்கு அப்பணி முதலில் பிடிக்கவே இல்லை. மாணவர் நிறைந்த வகுப்பறையை விட்டு, ஆளரவமற்ற புத்தக அறையில் அடைபட்டது போல் உணர்ந்து, பழைய வேலைக்கே திரும்ப விழைந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, ஆங்குள்ள பொது நூல்நிலையங்கள் தொழிலாளிக்கும் குழந்தைக்கும் முதியவர்க்கும் ஒருங்கே பயன்படுவதைக் கண்ட பிறகே அவர் மனம் மாறியது. வெறுத்துத் தொடங்கிய தொழிலுக்கே வாழ்நாள் முழுவதையும் கொடுத்தவர் அவர். 1928-இல் சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்றியது. நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்துக் கூறும் அவரது நூலை அச்சங்கமே 1931-இல் வெளியிட்டது. நூல்கள் பூட்டி வைக்கும் பொருளல்ல, பயன்பாட்டிற்கு உரியவை என்பதே அவர் அடிப்படைக் கொள்கை. அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் மன்னார்குடி வண்டி புறப்பட்டது.

இங்கே மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒன்று சொல்லி மேலே செல்வோம். நடமாடும் நூல்நிலையம் என்று எழுதும்போதெல்லாம் எம் பேனா சற்றே தயங்கும். நிலையம் என்றால் நிலைத்து நிற்பது. அது எங்ஙனம் நடமாடும்? அலுவலகத்தில் இவ்வாறு கேட்டால் நண்பர்கள் நகைப்பர். மன்னார்குடி வண்டியை அறிந்த பின் அத்தயக்கம் எமக்கு நீங்கிவிட்டது. அங்கே நிலைத்து நின்றவர் வாசகர், நடந்தது நூல்.

வண்டியில் நூல் அனுப்புதல் உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்டவுன் என்னும் ஊரில் மேரி டிட்காம் என்ற அம்மையார் 1905-லேயே குதிரை வண்டியில் நூல்களைப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். அவ்வண்டி 1910-இல் சரக்கு இரயிலில் மோதி நொறுங்கியது என்பது வேறு கதை. நம் நாட்டில் பரோடா அரசர் சயாஜிராவ் கெய்க்வாட், போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை 1910-இல் வரவழைத்து, பெட்டி பெட்டியாகக் கிராமங்களுக்கு நூல்கள் சென்றுவர வகைசெய்தார். ஆனால் பரோடாவில் அரசர் ஆணையிட்டார், கருவூலம் கொடுத்தது. மன்னார்குடியில் ஆணையிட எவரும் இல்லை.

தனி மனிதர் ஊக்கம் எத்துணைப் பெரிதாயினும் அவர் காலத்தோடு ஓயும். இதை அரங்கநாதன் நன்கு உணர்ந்திருந்தார். நூல்நிலையத்திற்கெனச் சட்டம் வேண்டும் என்று 1930-லேயே காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டம் ஒன்றை அவர் முன்வைத்தார். அது சென்னை மாகாணத்தில் உருப்பெறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. சொத்து வரியோடு சேர்த்துச் சிறு நூலக வரி தண்டப்பட்டது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் 1950-இல் மாநில மைய நூலகமாயிற்று. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ காணப்படுவதற்கு இச்சட்டமே வேர். நம் தந்தையர் கட்டிய வீட்டு வரியில் சில காசுகள் புத்தகமாக மாறின என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறோம்?

தில்லிக்கு வருவோம். நம்மைப் போலவே அரங்கநாதனும் பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் வடக்கே வந்தவர். காசியில் இருந்து, 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகம் சேர்ந்து, 1954 வரை இங்கு நூலகவியல் கற்பித்தார். அவர் இந்நகரில் இருந்த காலத்திலேயே, 1951 அக்டோபர் 27 அன்று, தில்லிப் பொது நூலகத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். யுனெஸ்கோவும் இந்திய அரசும் கூடி நடத்திய முன்னோடி முயற்சி அது. பழைய தில்லி இரயில் நிலையத்திற்கு எதிரே, போர்க்காலத்தில் சிப்பாய்களின் உணவுக்கூடமாக இருந்த கட்டிடம் அதற்குக் கிடைத்தது. கட்டணம் இல்லை, வாசகர் தாமே அலமாரியை அணுகி நூலை எடுக்கலாம். புத்தகத்தைக் கம்பி வலைக்குப் பின்னே பார்த்துப் பழகிய மக்களுக்கு இது புதுமை. விரைவில் அந்நூலகமும் மோட்டார் வண்டியில் நகரின் புறப்பகுதிகளுக்கு நூல்களை அனுப்பியது. மாடு மோட்டாராயிற்று, கொள்கை மாறவில்லை.

வெளிமாநிலத் தமிழர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டத்தின்படி, இந்தியாவில் எம்மொழியில் நூல் வெளியிடினும் பதிப்பாளர் ஒரு படியைக் கொல்கத்தாவின் தேசிய நூலகத்திற்கும், சென்னை, மும்பை நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அவ்வரிசையில் பின்னாளில் தில்லிப் பொது நூலகமும் சேர்ந்தது. ஆகவே தமிழில் அச்சேறும் நூல் ஒவ்வொன்றுக்கும் தலைநகரில் ஓர் இடம் சட்டப்படி உரிமையாக உள்ளது. இங்கு தமிழ் நூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

நாம் வசிக்கும் முனிர்காவிலிருந்து வெளிவட்டச் சாலையைக் கடந்தால் இராமகிருஷ்ணபுரம். அங்கே குன்றின்மேல் மலை மந்திர். அப்பால் 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம், முன்னால் வள்ளுவர் சிலை, உள்ளே தமிழ் நூலகம். நாற்பது வயதினராகிய எமக்கு அது எட்டும் தொலைவுதான். எம் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், மகனோடு வாழக் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் உள்ளார். மின்தூக்கி கிடையாது, முழங்கால் வலி உண்டு. தமிழன்றி வேறு மொழி படிக்க அறியார். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவர், படிக்க மாட்டார். ஊரிலிருந்து வந்த வார இதழ்களையே மும்முறை படித்துவிட்டதாக ஒருநாள் கூறினார். அவரைப் பொறுத்தவரை தலைநகரின் எல்லா நூலகங்களும் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவையே.

மன்னார்குடி வண்டி புறப்பட்டதன் நூறாம் ஆண்டு 2031 அக்டோபர் 21 அன்று நிறைகிறது. அவ்வூரார் விழா எடுப்பாராயின், பந்தலோடும் பேச்சோடும் நில்லாமல், அன்று ஒரு வண்டியைப் பூட்டி மேலவாசலிலிருந்து ஓட்ட வேண்டும் என்பது எம் விண்ணப்பம். வெளியூரில் இருப்போரும் தத்தம் தெருவில் அந்நாளைக் கொண்டாடலாம். அதற்கு மாடு தேட வேண்டியதில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று எம் அலமாரியிலிருந்து மூன்று நூல்களைத் துணிப்பையில் இட்டு மாடியேறினோம். அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டை வைத்துக்கொண்டார். மூன்றாவதை, "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு தம்பி, அடுத்த வாரம் பெரிசா இருக்கிறதாப் பாத்துக் கொண்டு வாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.