பவாய் ஏரி நிரம்பினால் படகுப் பயணம் வேண்டாம்

மும்பை சயான், தாராவி பகுதிகளில் இருந்து மழைக்காலத்தில் படகுப் பயணத்துக்குத் திட்டமிடுவோர், பவாய் ஏரி நிரம்பி வழிகிறதா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

ஆங்கிலேயர் காலத்தில் உருவாக்கப்பட்ட இந்த ஏரியின் கொள்ளளவு சுமார் 545 கோடி லிட்டர். இதன் நீர் குடிப்பதற்குப் பயன்படுத்தப்படுவதில்லை. ஏரி நிரம்பியதும் மாநகராட்சி அறிவிப்பு வெளியிடும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி அதிகாலை ஏரி நிரம்பி வழிந்தது.

உபரிநீர் மித்தி ஆற்றில் கலந்து, குர்லா, தாராவி வழியாக மாகிம் கழிமுகத்தை அடைகிறது. கனமழையுடன் கடல் ஏற்றமும் சேர்ந்தால் ஆற்றுநீர் எளிதில் வடியாது. ஏரிக்கரையில் மழை ஓய்ந்திருந்தாலும், வீடு திரும்பும் சாலை மூழ்கியிருக்கக்கூடும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பெய்தபோது மித்தி கரையோரக் குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின.

எனவே புறப்படும் முன் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும், கடல் ஏற்ற நேரத்தையும் பார்க்க வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாள்களில் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது. மாநகராட்சியின் 1916 உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். பவாயில் முதலைகள் இருப்பதால் நீரில் இறங்குவது எந்நாளும் ஆபத்தே.

வெள்ளம் இல்லாத நாளிலும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். குஜராத்தின் வதோதராவில் 2024 ஜனவரி 18-இல் ஹர்னி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். அப்படகில் பலர் அங்கி அணிந்திருக்கவில்லை.