ஹார்வில் கையிலிருந்த ஓவியம்: 'பெர்சுவேஷன்' நாவலின் விலக்கப்பட்ட அத்தியாயத்தை முன்வைத்து

ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்து அச்சேறிய ஆறு நாவல்களில் எதற்கும் அவர் கைப்பட எழுதிய முழுப் படி இன்று இல்லை. எஞ்சியிருப்பது ஒரு துண்டு மட்டுமே. 'பெர்சுவேஷன்' நாவலின் முடிவாக அவர் முதலில் எழுதிய இரண்டு அத்தியாயங்கள், பதினாறு சிறு தாள்களில், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எஜர்டன் 3038 என்ற எண்ணில் உள்ளன. அச்சுக்குப் போன பகுதிகளின் படிகளெல்லாம் அழிந்துபோக, பெரும்பகுதி வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட தாள்கள் பிழைத்துக்கொண்டன. அந்நாவலின் முடிவு எப்படி உருவானது என்பதற்கு நமக்குள்ள நேரடிச் சான்று இதுதான். ஆனால் அறிஞர்களும் வாசகர்களும் இச்சான்றை நெடுங்காலம் ஒருவருடைய கதையின் வழியாகவே பார்த்து வந்துள்ளனர். அக்கதையை இக்கட்டுரை மறுக்கிறது.

கதையைச் சொன்னவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின்-லீ. ஜேனின் மூத்த அண்ணன் மகன். 1817 ஜூலையில் வின்செஸ்டரில் நடந்த அத்தையின் அடக்கத்துக்குத் தந்தைக்குப் பதிலாகச் சென்றவர். அவருடைய 'ஜேன் ஆஸ்டின் நினைவுக் குறிப்பு' 1870 என்று ஆண்டிட்டு வெளிவந்தது. 1871இல் வந்த இரண்டாம் பதிப்பில், அவ்விரண்டில் விலக்கப்பட்ட முதல் அத்தியாயத்தை அவரே முதன்முதலாக அச்சிட்டார். அதற்கு நாம் கடன்பட்டவர்கள். அத்தியாயத்தோடு அவர் சேர்த்துச் சொன்ன விளக்கமே சிக்கல். அவர் கூறுவதன் சாரம் இது: 1816 ஜூலையில் நாவல் முடிந்தது. முடிவு சப்பென்றிருப்பதாக அத்தைக்குப் பட்டது. உடல்நலம் குன்றியிருந்ததால் அந்தக் குறை மனத்தை மேலும் அழுத்தியது. ஓர் இரவு மிகுந்த சோர்வோடு படுக்கப் போனார். சோர்வு அவர் இயல்புக்கு ஒவ்வாதது. மறுநாள் காலை தெளிந்த மனத்தோடு எழுந்தார். கற்பனை மீண்டும் ஓடத் தொடங்கியது. பழைய அத்தியாயத்தை விலக்கி, அதனிடத்தில் முற்றிலும் வேறான இரண்டு அத்தியாயங்களை எழுதினார்.

இதில் மூன்று கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. மாற்றம் ஒரே இரவில் நேர்ந்தது என்பது முதலாவது. புதியவை பழையதிலிருந்து முற்றிலும் வேறானவை என்பது இரண்டாவது. துயரம் நீங்கி மகிழ்ச்சி வந்ததால் புதிய முடிவு பிறந்தது என்பது மூன்றாவது. முதலிரண்டையும் ஏட்டை வைத்தே எடைபோடலாம். மூன்றாவது நாவலின் பொருளையே தொடுகிறது. அதனால் அதில்தான் என் கருத்து வேறுபாடு மிகுதி.

தாள்கள் சொல்லும் தேதிகள்

இரண்டில் முதலாவதான பத்தாம் அத்தியாயத்தின் தலைப்பில் ஆஸ்டின் ஜூலை 8 என்று தேதியிட்டுள்ளார். இறுதியில் 'முற்றும்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை எழுதி, 1816 ஜூலை 16 என்கிறார். கதை அதோடு நிற்கவில்லை. மேலும் எழுதி, மீண்டும் அதே சொல்லையிட்டு ஜூலை 18 என்று தேதி மாற்றுகிறார். ஆக, ஒரே கையெழுத்துப்படியில் நாவல் இரண்டு முறை முடிகிறது.

இந்த இரட்டை முற்றுப்பெறல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'முடிந்தது' என்று எழுதிய கை இரண்டே நாளில் அதைத் திறந்திருக்கிறது. தாள்களில் அடித்தலும் வரிகளுக்கிடையே நுழைத்தலும் நிறைய. எனவே முடிவின் மீதான நிறைவின்மை ஜூலை 16ஆம் தேதியிலிருந்தே செயல்படத் தொடங்கிவிட்டது எனலாம். தமக்கை கசாண்ட்ரா எழுதிவைத்த குறிப்பின்படி நாவல் 1815 ஆகஸ்ட் 8இல் தொடங்கி 1816 ஆகஸ்ட் 6இல் முடிந்தது. ஜூலை 18க்கும் ஆகஸ்ட் 6க்கும் இடையே பத்தொன்பது நாட்கள். புதிய அத்தியாயங்கள் அந்த இடைவெளியில் எழுந்தவை. அதற்குள் எந்த நாளில் என்பதற்குத் தேதியிட்ட தாள் ஏதுமில்லை. துயர இரவு ஒன்று அந்தப் பத்தொன்பதில் இருந்திருக்கலாம்; இல்லை என்று நிறுவ என்னால் இயலாது. ஆனால் திருத்தும் வேலை ஓர் இரவுக்கும் ஒரு காலைக்கும் இடையே நடந்ததன்று. ஏடு காட்டுவது நாள்கணக்கில் நீண்ட உழைப்பு.

'முற்றிலும் வேறு' என்ற கூற்றும் நிற்காது. விலக்கப்பட்ட பத்தாம் அத்தியாயத்தின் பிற்பகுதியில் நாயகன் கேப்டன் வென்ட்வொர்த், எட்டரை ஆண்டுக்கு முன் பிரிந்த நாயகி ஆனியிடம் தன் மனம் மாறிய கதையைச் சொல்கிறான்: லைம் கடற்கரையில் அவள் அருமையை உணர்ந்தது, லூயிசா மஸ்குரோவ் என்ற பெண்ணோடு தன் பெயர் இணைந்துவிட்டதை எண்ணித் திகைத்தது, கடற்படை அதிகாரி பென்விக்குடன் லூயிசாவுக்கு மணம் நிச்சயமானதும் விடுபட்டது. இப்பகுதி, சில இடங்களில் அதே சொற்களோடு, அச்சிட்ட நூலின் இரண்டாம் தொகுதி பதினோராம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளது. பழைய கடைசி அத்தியாயமும் சிறு மாற்றங்களோடு பன்னிரண்டாவதாகத் தொடர்கிறது. எனவே மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று குறுக்கிக் காட்ட முடியும். காதலர் மனம் திறந்து பேசுவதற்கு முந்திய காட்சியே மாறியது. அந்தப் பேச்சுக்கு எந்த வாசல் வழியாக வந்து சேர்கிறார்கள் என்பதே மாறியது.

இரண்டு வாசல்கள்

பழைய வாசல் இது. தோழி திருமதி ஸ்மித்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஆனியை அட்மிரல் குரோஃப்ட் வழியில் கண்டு, மனைவியைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று தம் வீட்டுக்குள் அழைக்கிறார். உள்ளே இருப்பவன் வென்ட்வொர்த். ஆனிக்கும் அவள் உறவினன் எலியட்டுக்கும் திருமணம் என்று ஊரில் பேச்சு. அது உண்மையானால், தாம் குத்தகைக்கு எடுத்துள்ள ஆனியின் குடும்ப வீடான கெல்லின்ச் மாளிகையை விடுவித்துத் தரத் தாம் ஆயத்தம் என்று அவளிடம் சொல்லி, செய்தி உண்மையா என்று கேட்டறியும் பொறுப்பை அட்மிரல் அவன் தலையில் சுமத்துகிறார். அவன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். செய்தி உண்மையில்லை என்கிறாள் ஆனி. துளியும் உண்மையில்லையா என்று மீண்டும் கேட்கிறான். இல்லை என்கிறாள். அதுவரை ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அதில் அமர்ந்து, அவள் பக்கம் சற்று நகர்த்திக்கொள்கிறான். மீதியைப் பார்வைகள் பேசிவிடுகின்றன.

அழகான காட்சிதான். ஆனால் எட்டரை ஆண்டு மௌனத்துக்குப் பிறகு ஆனிக்குக் கிடைத்த பேச்சு ஒரு மறுப்பு. அதுவும் வீட்டுக் குத்தகை பற்றிய கேள்விக்கு வந்த பதில்.

புதிய வாசலைப் பாருங்கள். இடம் பாத் நகரின் ஒயிட் ஹார்ட் விடுதி. லூயிசாவின் மஸ்குரோவ் குடும்பத்தாரோடு வென்ட்வொர்த்தின் நண்பர் கேப்டன் ஹார்வில்லும் வந்திருக்கிறார். விலக்கப்பட்ட அத்தியாயத்தில் இவர் இல்லை. திருத்தும்போது ஆசிரியர் இவரை லைமிலிருந்து வரவழைக்கிறார். சன்னலோரம் நின்று ஆனியை அருகே அழைத்து, ஒரு சிறு பொதியைப் பிரித்துக் காட்டுகிறார். உள்ளே பென்விக்கின் சிற்றோவியம். நன்னம்பிக்கை முனையில் ஜெர்மானிய ஓவியர் ஒருவரைக் கொண்டு ஹார்வில்லின் தங்கை ஃபேனிக்காகத் தீட்டுவித்தது. ஃபேனி இறந்துவிட்டாள். அவளுக்காக உருகிய பென்விக், ஓராண்டு திரும்புவதற்குள் லூயிசாவை மணக்கப் போகிறான். அதே ஓவியத்துக்கு இப்போது லூயிசாவுக்காகச் சட்டம் போட வேண்டுமாம். அந்த வேலை இறந்தவளின் அண்ணன் கைக்கே வந்திருக்கிறது. அவருக்கு மனம் வரவில்லை. அவருக்காக வென்ட்வொர்த் அப்பொறுப்பை ஏற்று, அறையின் மறுபக்க மேசையில் அது பற்றிய கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான். ஃபேனியாக இருந்தால் இத்தனை விரைவில் மறந்திருக்க மாட்டாள் என்று உதடு நடுங்கச் சொல்கிறார் ஹார்வில்.

அந்தச் சொல்லுக்கு மறுமொழியாகத்தான் ஆனி நாவலில் முதன்முறையாகத் தன் உள்ளத்தை நீளப் பேசுகிறாள். ஆண் பெண் இருவரில் யார் அன்பு நிலைத்தது என்ற வாதம் அது. இருப்பும் நம்பிக்கையும் அற்ற பின்னும் நேசித்துக்கொண்டிருப்பதே பெண்ணுக்கு வாய்த்த உரிமை என்னுமிடத்தில் அவள் குரல் தழுதழுக்கிறது. மேசையில் எழுதுபவன் கையிலிருந்து இடையே பேனா விழுந்துவிட்டது. பிறகு அவன் எழுதுவது வேறொரு கடிதம். ஓவியத்துக்கான கடிதத்தின் மறைவில், அதே மேசையில், ஆனிக்கு எழுதுகிறான். கையுறையை மறந்தவன்போல் திரும்பி வந்து, சிதறிக் கிடந்த தாள்களுக்கடியிலிருந்து அதை எடுத்து அவள் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போகிறான்.

இவ்விரு வாசல்களையும் ஒப்பிட்டால் என் துணிபு விளங்கும். திருத்தத்தில் ஆசிரியர் நாவலுக்குள் கொண்டுவந்தது ஒரு சாவின் நினைவு. தங்கையை இழந்த ஒருவர் ஆற்றாமையோடு பேச, அதைப் பொறுமையாகக் கேட்கும்போதுதான் ஆனியின் நா திறக்கிறது. துயரம் விலகிய காலையின் மலர்ச்சி என்று ஆஸ்டின்-லீ சொன்ன பக்கங்கள், முன்னிருந்தவற்றைவிடத் துயரம் செறிந்தவை. அவற்றின் ஆற்றலும் அச்செறிவிலிருந்தே பிறக்கிறது.

துக்கத்தை எழுதக் கற்றல்

நாவல் முழுவதிலும் கறுப்புத் துணி அசைந்துகொண்டே இருக்கிறது. எலியட் தொப்பியில் துக்கப் பட்டை கட்டியவன். திருமதி ஸ்மித் கைம்பெண். ஆனி பதினான்கு வயதில் தாயை இழந்தவள். ஆனால் முதல் தொகுதியில் திருமதி மஸ்குரோவ், கடலோடியாகப் போய் இறந்த மகன் டிக்கை நினைத்துப் பெருமூச்சுவிடும்போது, கதைசொல்லி அவள் உடல் பருமனோடு அத்துக்கத்தைப் பொருத்திக் கேலி செய்கிறாள். வாசகர் பலரை உறுத்திய இடம் இது. லைமில் பென்விக்கின் துக்கம் இன்னும் கனிவாக நடத்தப்படுகிறது: சோகக் கவிதைகளில் மூழ்கியிருக்கும் அவனுக்கு உரைநடை நூல்களையும் படிக்கச் சொல்கிறாள் ஆனி, பிறகு, தானே கடைப்பிடிக்காத பொறுமையைப் பிறருக்கு உபதேசித்தோமே என்று எண்ணிக்கொள்கிறாள். அங்கும் மெல்லிய புன்னகை உண்டு. ஹார்வில் பேசும் காட்சியில் அந்தப் புன்னகை முற்றாக மறைகிறது. கேலியிலிருந்து கனிவுக்கும், கனிவிலிருந்து உடன் நிற்பதற்கும் நாவல் வளர்ந்திருக்கிறது. அவ்வளர்ச்சியின் கடைசிப் படி 1816 ஜூலை பிற்பகுதியில் எடுத்து வைக்கப்பட்டது.

இவ்வாதத்துக்கு ஒரு தடையை நானே சுட்ட வேண்டும். முதல் தொகுதியின் கையெழுத்துப்படி இல்லாததால், ஃபேனியின் சாவு பற்றிய அப்பகுதிகள் முதலிலேயே இருந்தனவா, முடிவைத் திருத்திய பின் செறிவூட்டப்பட்டனவா என்பதை முடிவு செய்ய வழியில்லை. பென்விக்–லூயிசா நிச்சயம் பழைய அத்தியாயத்திலேயே பேசப்படுவதால், கதைப்பின்னல் முன்பே இருந்தது என்பது மட்டும் உறுதி. பின்னலில் கிடந்த ஒரு துக்கத்தை எடுத்து நாவலின் இதயத்தில் வைத்தது திருத்தத்தின் பணி.

அப்படியானால் அந்த 'இரவு' எங்கிருந்து வந்தது? ஓர் ஊகத்தை, ஊகமென்றே சொல்லி முன்வைக்கிறேன். விலக்கப்பட்ட பத்தாம் அத்தியாயத்தின் முடிவில் ஆனி, வந்து சேர்ந்த பேரின்பம் தாங்காமல் பாதி இரவு விழித்து உட்கார்ந்திருக்கிறாள். மீதி இரவு உறங்காமல் கிடக்கிறாள். மிகுந்த மகிழ்ச்சிக்கு விலையாகத் தலைவலியும் அயர்வும் அவளுக்கு. அச்சிட்ட நூலில் இவ்விரவு இல்லை. அத்தியாயத்தைக் கையில் வைத்திருந்த ஆஸ்டின்-லீ, நிகழ்ந்து அரை நூற்றாண்டுக்குப் பின் குடும்ப நினைவைத் தொகுத்து எழுதுகிறார். 1816 ஜூலையில் அவருக்கு வயது பதினேழு. ஜூலை 9ஆம் தேதி, அதாவது இந்த அத்தியாயம் தொடங்கிய மறுநாள், ஓயாத மழையைப் பற்றி அத்தை அவருக்கு எழுதிய கலகலப்பான கடிதம் இன்றும் கிடைக்கிறது. அவர் அறிந்த அத்தை அந்தக் கடிதத்தின் அத்தை. சோர்வு அவர் இயல்புக்குப் புறம்பு என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. நாயகியின் விழித்த இரவு நினைவில் ஆசிரியரின் இரவாக இடம் மாறியிருக்கக்கூடும். உண்மையிலேயே அப்படியோர் இரவு இருந்திருக்கவும் கூடும். எப்படியாயினும், அதை நாவலுக்கு விளக்கமாகக் கொள்வது பொருந்தாது.

1926இல் ஆர். டபிள்யூ. சாப்மன் இவ்விரு அத்தியாயங்களையும் கையெழுத்துப்படியிலிருந்து பதிப்பித்தார். தேதிகளும் அடித்தல் திருத்தல்களும் அன்று முதல் எல்லார் பார்வைக்கும் உள்ளன. ஆயினும் நினைவுக் குறிப்பின் கதை இன்றும் முன்னுரைகளில் தொடர்கிறது. 'பெர்சுவேஷன்' மனக்காயத்தை ஆற்றும் நாவல் என்று போற்றப்படுவது சரியே. ஆறுதல் எப்படி வருகிறது என்பதில்தான் பிழைபடுகிறோம். ஓர் இரவு உறங்கி எழுந்தால் துயரம் தீரும் என்று அந்நாவல் எங்கும் சொல்லவில்லை. இன்னொருவர் துக்கத்துக்குச் செவி கொடுப்பவருக்கே தன் துக்கத்தைச் சொல்லும் மொழி கிடைக்கும் என்று காட்டுகிறது.

இந்நாவலைப் பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் விலக்கப்பட்ட அத்தியாயத்தைப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும்; ஓரிரவுக் கதையை அதற்கு முகப்பாக வைக்க வேண்டியதில்லை. வாசகர் இரண்டு முடிவுகளையும் ஒரே அமர்வில் படிக்கட்டும். இரண்டாம் 'முற்றும்' 1816 ஜூலை 18இல் எழுதப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 1817 ஜூலை 18இல், நாற்பத்தோராம் வயதில் ஜேன் ஆஸ்டின் காலமானார். நாவல் அச்சாகி வந்தது அவ்வாண்டு டிசம்பரில்.