இரு கணிப்பொறிகளுக்கு நடுவே ஒரு தவளை

ஒரு பருவம் முழுவதும் உழைத்து நீங்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளில் அல்ல, கல்லூரியின் பெரிய கணிப்பொறிக்குள். பருவம் முடிகிறது. அடுத்து வரும் மாணவருக்கு இடம் வேண்டும். உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். எதில் எடுத்துக்கொண்டு போவது? கணிப்பொறியோ ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது!

1980-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. அங்கே டெக்சிஸ்டம்-20 என்ற பெரிய கணிப்பொறியும், ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கணிப்பொறியும் இருந்தன. அவற்றின் காந்தத் தட்டுகளில் இடம் தங்கத்தைப் போல விலை மிகுந்தது. மாணவர்களின் கோப்புகளை ஆண்டுக்கணக்கில் அதில் வைத்திருக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் அப்போதுதான் மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணிப்பொறிகள் கடைக்கு வந்திருந்தன. அவற்றில் போடும் பிளாப்பித் தட்டை ஒரு மாணவர் சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பழைய பெரிய பொறியிலிருந்து புதிய சிறு பொறிக்குக் கோப்பை மாற்றிவிட்டால் போதும். மாணவரின் உழைப்பு அவரிடமே இருக்கும்.

இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் ஆயிற்றே என்பீர்கள். கம்பி எளிதுதான். பேச ஒன்று, கேட்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவான தரைக்கம்பி ஒன்று என மூன்றே இழைகள். ஒரு பொறி பேசும் முனையை மற்றதன் கேட்கும் முனையில் மாற்றிப் பொருத்த வேண்டும், அவ்வளவே. தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பெரிய கணிப்பொறி அந்தக் கம்பியின் மறுமுனையில் இன்னொரு கணிப்பொறி இருப்பதாக நினைப்பதே இல்லை. விசைப்பலகையில் ஒரு மனிதர் தட்டிக்கொண்டிருப்பதாகவே அது எண்ணுகிறது. ஆகையால் வரும் குறிகளில் சிலவற்றைச் செய்தியாகக் கொள்ளாமல் கட்டளையாகக் கொள்கிறது. ஆஸ்கி என்னும் குறியீட்டில் 13 என்ற எண் வந்தால் வரி முடிந்தது என்று பொருள். 19 வந்தால் ‘சற்றுப் பேச்சை நிறுத்து’ என்று பொருள். உங்கள் கோப்புக்குள் தற்செயலாக ஒரு 19 இருந்துவிட்டால், பாதி வழியில் எல்லாம் நின்றுவிடும். போதாக்குறைக்கு, பல தடங்கள் எட்டாவது பிட்டைப் பிழை சரிபார்க்கத் தமக்கென எடுத்துக்கொண்டன. கோப்புக்கு மிஞ்சியவை ஏழு பிட்டுகளே. ஐ.பி.எம். பொறியின் எழுத்துக் குறியீடே வேறு. ஆஸ்கியில் ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கு எண் 65, ஐ.பி.எம். பொறியில் அதுவே 193. மேலும் அது பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது.

1977-இல் வார்டு கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் என்ற முறை ஏற்கெனவே சிறு கணிப்பொறிகளுக்கிடையே வழங்கி வந்தது. அது 128 பைட் கொண்ட துண்டுகளாகக் கோப்பை அனுப்பும். ஆனால் எட்டு பிட்டுகளும் மாறாமல் போய்ச் சேரும் தடம் அதற்கு வேண்டும். கொலம்பியாவில் அந்த வசதிக்கு வழியில்லை.

அங்கே பணிபுரிந்த பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் தடத்தைத் திருத்த முயலவில்லை. எவ்வளவு மோசமான தடத்திலும் சேதமின்றிப் போகக்கூடியவை எவை என்று பார்த்தார்கள். தட்டச்சில் அடிக்கக்கூடிய சாதாரண எழுத்துகளும் குறிகளும்தான். இடைவெளியையும் சேர்த்தால் 95. அனைத்தையும் அவற்றுக்குள் அடக்கிவிட்டார்கள்.

எப்படி? மேலே சொன்ன 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் 64-ஐக் கூட்டினால் 83. ஆஸ்கியில் 83 என்பது ‘எஸ்’ எழுத்து. அதற்கு முன்னால் # குறியை வைத்து, இரண்டு சாதுவான எழுத்துகளாக அனுப்புவார்கள். பெறும் பொறி # குறியைக் கண்டதும் அடுத்த எழுத்திலிருந்து 64-ஐக் கழித்துப் பழைய 19-ஐ மீட்டுக்கொள்ளும். கோப்பிலேயே # இருந்தால்? ## என்று இரட்டித்து அனுப்பினால் போயிற்று. எட்டாவது பிட்டுக்கு & என்ற இன்னொரு முன்குறி.

இவ்வாறு மாற்றியதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றின் மேலும் தொடக்கக் குறி, நீளம், வரிசை எண், வகை ஆகியவை இருக்கும். கடைசியில் எல்லா எழுத்துகளின் எண்களையும் கூட்டிச் சுருக்கிய சரிபார்ப்பு எழுத்து வரும். பெறுபவர் தாமும் கூட்டிப் பார்த்து, சரியானால் ‘கிடைத்தது’ என்பார். தவறானால் ‘மறுபடி அனுப்பு’ என்பார். அந்தப் பதிலே வழியில் தொலைந்துவிட்டால் அனுப்புபவர் சற்றுக் காத்திருந்து அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்புவார். வரிசை எண் ஒன்றாக இருப்பதால், பெறுபவர் இரண்டாவதை எறிந்துவிடுவார். ஒருவர் பேசி முடித்த பின்பே மற்றவர் பேசுவதால் ஐ.பி.எம். பொறியின் பிடிவாதத்துக்கும் இது பொருந்தியது. முறை மந்தமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் காத்திருப்பு. முன்குறிகளால் கோப்பும் பருத்துவிடும். நீண்ட பொட்டலங்களும், பதிலுக்குக் காத்திராமல் பலவற்றை அனுப்பும் வழியும் பின்னர் சேர்க்கப்பட்டன.

1981 ஏப்ரல் மாதத்தில் முதல் கோப்பு இம்முறையில் மாறியது. பெயர் என்ன வைப்பது? சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கிற்று. அதில் தொலைக்காட்சிப் பொம்மலாட்டத் தவளையான கெர்மிட். அதுவே பெயராயிற்று!

மூல புரோகிராமைப் பல்கலைக்கழகம் மூடி வைக்கவில்லை. காந்த நாடாவில் பதிவு செய்து, நாடாவுக்கும் அனுப்புவதற்கும் ஆன செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கேட்டவர்க்கெல்லாம் அனுப்பியது. பெற்றவர்கள் தத்தம் பொறிக்கு ஏற்ப எழுதித் திருப்பி அனுப்பினார்கள். 1984-இல் ‘பைட்’ மாத இதழ் இம்முறையை இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. நூற்றுக்கணக்கான வகைக் கணிப்பொறிகளுக்குக் கெர்மிட் உருவாயிற்று.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். கோப்பை மாற்றக் கெர்மிட் வேண்டும். கெர்மிட்டும் ஒரு கோப்புதானே! அது புதிய பொறிக்குள் முதலில் எப்படிப் போகும்? விதையா மரமா என்ற கதைதான். பிளாப்பித் தட்டைக் கொண்டுபோய்ப் போடலாமென்றால், ஒரு நிறுவனத்தின் தட்டை இன்னொரு நிறுவனத்தின் பொறி பெரும்பாலும் படிக்காது. ஆகவே, பேசிக் மொழியில் ஒரு சிறு புரோகிராமை மட்டும் கையால் அடித்து உள்ளே செலுத்துவார்கள். கம்பி வழியே எழுத்துகளாக வரும் கெர்மிட்டை வாங்கித் தட்டில் சேர்ப்பது மட்டுமே அதற்குத் தெரியும். அடிப்பதில் ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

அன்று ‘புதியது’ என்று பெயர் பெற்ற சிறு கணிப்பொறிகள் சில ஆண்டுகளிலேயே பழையவையாயின. ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணிப்பொறி 1981-இல் வந்து பரவியபோது, முன்பு பிளாப்பியில் அடைக்கலம் புகுந்த கோப்புகள் மறுபடி இடம் பெயர வேண்டியிருந்தது. அதே கம்பி, அதே பொட்டலங்கள், இரு முனைகளிலும் கெர்மிட்.

கொலம்பியாவில் இத்திட்டம் 2011-இல் முடிவுக்கு வந்தது. அப்போது மூல புரோகிராம் எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்துடன் வெளியிடப்பட்டது. இன்றைய மடிக்கணிப்பொறியில் அந்தப் பழைய கம்பியைச் செருகும் துளை பெரும்பாலும் கிடையாது. அதற்கென ஒரு யு.எஸ்.பி. இணைப்பானை வாங்கி மாட்டினால், நாற்பது ஆண்டுக்கு முந்தைய பொறியில் அகப்பட்டுக் கிடக்கும் கோப்பை இப்போதும் இம்முறையில் வெளியே கொண்டுவரலாம். ஆனால் பழைய பிளாப்பி கெடாமல் இருக்க வேண்டும்.